+2 முடித்த தங்கைக்கு மறுவாழ்வுத் துறைப் படிப்பு: எதில் சேர்ப்பது? (தருமபுரி)

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கை இந்த ஆண்டு +2 முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி, உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப், 600க்கு 478. நீட் எழுதவில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். வீட்டிலும் யாரும் மறுக்கவில்லை. எந்தப் படிப்பு என்பதில்தான் குழப்பம். பி.பி.டி. (பிசியோதெரபி), பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), பி.பி.ஓ. (செயற்கை உறுப்பு, துணைக் கருவி செய்வது), பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு), சிறப்பு பி.எட். என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இவற்றில் அன்றாட வேலை எப்படி வேறுபடும்? படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்குள்ளேயே வேலை பார்க்க வாய்ப்பு உண்டா? இன்னொன்று: பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மையம் "மறுவாழ்வு தெரபிஸ்ட் டிப்ளமா, ஒரே வருடம், வேலை உறுதி" என்று சொல்லி இந்த வாரத்துக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

வட்டார_வளம்:

முன்பணத்தை நிறுத்தி வையுங்கள் தம்பி. காரணத்தைச் சொல்கிறேன்.

இந்தத் துறையில் படிப்பின் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. முடித்த பிறகு எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.ஐ. என்று எல்லாரும் சொல்வது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குவது. சிறப்புக் கல்வி ஆசிரியர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சி வல்லுநர், செயற்கை உறுப்பு வல்லுநர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மறுவாழ்வு சமூகப் பணியாளர், பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி தருபவர் என்று 16 வகையினர் அதன் பதிவேட்டில் வருகிறார்கள். பதிவு இல்லாமல் இந்த வேலைகளைச் செய்தால் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து லேசாக எண்ண வேண்டாம். அரசுத் திட்டம், நல்ல தொண்டு நிறுவனம், மருத்துவமனை எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான்.

பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் ஆர்.சி.ஐ. பட்டியலில் கிடையாது. அவை 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தின் கீழ் வருகின்றன. ஆகவே "ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற பிசியோதெரபி டிப்ளமா" என்று யாராவது நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அந்த ஒரு வரியே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அங்கீகாரம். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. உங்கள் தங்கை சேரும் படிப்புக்கு, அவள் சேரும் ஆண்டில் அங்கீகாரம் இருப்பது வேறு. ஆர்.சி.ஐ. ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத்தான் அனுமதி கொடுக்கும், எத்தனை இடம் என்பதையும் சேர்த்து. அதன் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியல் இருக்கிறது. மையத்தின் சுவரில் மாட்டியிருக்கும் கடிதத்தை நம்பாமல் அந்தப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அனுமதி முடிந்துபோன ஆண்டில் சேர்க்கப்பட்ட மாணவர்களுக்குப் பாடம் நடக்கும், தேர்வுகூட நடக்கும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் வருடங்கள் போய்விட்டிருக்கும்.

இனி சிறப்புக் கல்வி. +2 முடித்ததும் நேராகச் சேர்வது இரண்டு வருட டிப்ளமா, அதாவது சிறப்புக் கல்வி டி.எட். பட்டம் முடித்தவர்களுக்கு சிறப்பு பி.எட். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி பி.எட். படிப்புகளின் கால அளவு மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. பழைய மாணவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல், சேரும் ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். இரண்டிலுமே ஒரு குறைபாட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வை, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு. பதிவும் அந்தப் பிரிவில்தான் ஆகும், வேலை அறிவிப்பும் அந்தப் பிரிவைக் கேட்டுத்தான் வரும். "எது காலியாக இருக்கிறதோ அதில் போடுங்கள்" என்று சேர்ந்தவர்கள் பிறகு தவிக்கிறார்கள்.

பட்டப்படிப்பாகவே வேண்டும் என்றால் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்று ஒரு துறை இருக்கிறது. பெண்கள் கல்லூரி. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் நிறுவனமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் சிறப்புக் கல்வியில் நன்றாக ஊன்றியவை. பொதுவான மறுவாழ்வு அறிவியல் பட்டம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் செல்லும். அதில் சேர்ந்தால் எந்த வகையில் பதிவு கிடைக்கும் என்று துறைத் தலைவரிடமே கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஒரு பெயர்க் குழப்பம். நம் பள்ளிக் கல்வித் துறையில் "சிறப்பாசிரியர்" என்று விளம்பரம் வந்தால் பெரும்பாலும் அது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர். நம் வேலையின் அறிவிப்பில் "சிறப்புக் கல்வி" அல்லது "உள்ளடக்கிய கல்வி" என்றிருக்கும். இது தெரியாமல் தவறான தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஏழு வயதுக் குழந்தைக்கு டவுசர் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த வேலையைத் துண்டு துண்டாக எழுத வேண்டும்: முன்பக்கம் கண்டுபிடிப்பது, உட்கார்வது, வலது கால், இடது கால், முழங்கால் வரை இழுப்பது, எழுந்து நிற்பது, இடுப்பு வரை இழுப்பது. பிறகு கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு படிகளையும் அம்மா செய்து கொடுக்க, இடுப்பில் ஏற்றும் ஒரே ஓர் இழுப்பை மட்டும் குழந்தை செய்யும். வேலை முடிந்த திருப்தி குழந்தையின் கையில் கிடைக்கும். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி. முதல் படியிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதியில் களைத்துவிடும், அம்மா பொறுமை இழந்து தானே போட்டுவிடுவார். ஒவ்வொரு நாளும் எந்தப் படியில், எத்தனை உதவியோடு என்று ஏட்டில் குறிக்க வேண்டும். இதைப் பொறுமையாக ஆறு மாதம் செய்ய உங்கள் தங்கைக்கு மனமிருந்தால் சிறப்புக் கல்வி சரிப்படும்.

பார்வைப் பிரிவு என்றால் பிரெய்லியை, அதாவது மேடிட்ட புள்ளி எழுத்தை, கைவிரலால் வாசிக்கும் வேகம் வேண்டும். தாளைப் பிரெய்லிச் சட்டகத்தில் வைத்து ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். தமிழில் இன்னொன்று: அச்சில் "கொ" என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே. பிரெய்லியில் க முதலில், ஒ அதன் பிறகு, அவ்வளவுதான். அச்சைப் பார்த்துப் பழகியவர்கள் முதல் மாதம் இதில்தான் தடுமாறுவார்கள்.

செவிப்பறை:

பி.ஏ.எஸ்.எல்.பி. பற்றி நான் சொல்கிறேன். செவித்திறனும் பேச்சும் சேர்ந்த படிப்பு. மூன்று வருடம் பாடம், ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு. இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும். சென்னை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, மைசூரில் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இருக்கிறது. மைசூர் என்றதும் தூரம் என்று ஒதுக்காதீர்கள். தருமபுரியிலிருந்து சென்னைக்கும் மைசூருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

வேலை என்ன? பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கேட்கிறதா என்று முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை எவ்வளவு என்று உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவி மாட்டிப் பயிற்சி தொடங்குவது. இந்த 1-3-6 கணக்குதான் எங்களுக்கு அடிப்படை. நம் ஊரில் நடப்பது வேறு. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மூன்று வயது வரை காத்திருந்துவிட்டுக் கூட்டி வருகிறார்கள். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் அருமையான காலம் அதற்குள் கரைந்துவிடுகிறது. உங்கள் தங்கை நாளை அங்கன்வாடி பணியாளர்களிடம் பேசிப் பேசி இதை மாற்ற முடிந்தால் அதுவே பெரிய வேலை.

காதில் ஒலி கொடுத்து, நரம்பு வழியாக அது மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். காலை பஸ்ஸில் பென்னாகரத்திலிருந்து வரும் குழந்தை வழியெல்லாம் தூங்கிவிட்டு, இங்கே வந்ததும் விழித்துக்கொள்ளும். முன்தினமே அம்மாவிடம் "இரவு தாமதமாகத் தூங்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் தூங்க விடாதீர்கள், பால் கொடுப்பதை இங்கே வந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கூலி போச்சு.

கருவி மாட்டிய பிறகுதான் பாதித் தவறுகள் நடக்கின்றன. காதுக்குள் பொருந்தும் அச்சு, அதாவது இயர் மோல்டு, குழந்தையின் காது வளர வளரத் தளர்ந்துவிடும். ஒரு வயதுக்குள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுக்க வேண்டும். தளர்ந்தால் ஒலி வெளியே கசிந்து மறுபடி மைக்குக்குள் புகுந்து "குய்ய்" என்று விசில் அடிக்கும். வீட்டில் உள்ளவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று ஒலியைக் குறைத்துவிடுவார்கள், அல்லது கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கும், மாற்ற வேண்டியது அச்சு. தினமும் காலையில் ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளைக் குழந்தையின் பின்னால் நின்று, வாயைக் காட்டாமல் சொல்லிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நேற்று வரை "ஸ்" கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, குழாயில் நீர்த்துளி, அச்சில் அழுக்கு என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பேச்சுப் பக்கம் ஒரு எச்சரிக்கை. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், குழந்தை தமிழில் பேசும். "காக்கா" என்பதைத் "தாத்தா" என்று சொல்லும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பயிற்சி வேண்டும். நாக்கின் பின்பகுதி எழ வேண்டிய இடத்தில் நுனி எழுகிறது. ஆனால் "பழம்" என்பதைப் "பளம்" என்று சொல்லும் குழந்தை வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறது. அதைக் குறைபாடு என்று எழுதுவது தவறு. வட்டார வழக்கு எது, குறைபாடு எது என்று பிரிக்க உள்ளூர்க் காது வேண்டும். தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பக்கம் போனால் வீட்டு மொழி கன்னடமோ தெலுங்கோ. அந்தக் குழந்தையைத் தமிழில் மட்டும் சோதித்துவிட்டு "மொழி வளர்ச்சி தாமதம்" என்று எழுதினால் அந்தப் பிழை நம்முடையது.

பாலக்கோட்டான்:

செவிப்பறை மேடம், வட்டார_வளம் சார், இருவருக்கும் நன்றி. பாட்டி வீடு தேன்கனிக்கோட்டை பக்கம் என்பதால் தங்கைக்குக் கன்னடம் நன்றாகப் புரியும், பேசவும் செய்வாள். அது உதவும் என்று இப்போதுதான் தெரிகிறது. பி.பி.டி., பி.ஓ.டி., பி.பி.ஓ. பற்றி யாராவது சொல்ல முடியுமா? கணிதமும் படித்திருப்பதால் கேட்கிறேன்.

செவிப்பறை:

கன்னடம் பேசுவாள் என்றால் மைசூர் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசுபவர்கள். மற்ற தமிழ் மாணவர்களுக்கு முதல் வருடம் அதுதான் மலைப்பு.

குதிகால்:

மூன்றும் உடலோடு சம்பந்தப்பட்டவை, ஆனால் கேட்கும் கேள்வி வேறு வேறு. பிசியோ "இந்த மூட்டு, தசை எவ்வளவு அசையும், எப்படிப் பலப்படுத்துவது" என்று பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் "இந்தக் கையை வைத்துச் சோறு பிசைய முடியுமா, பேனா பிடிக்க முடியுமா" என்று பார்ப்பார். பி.பி.ஓ. படித்தவர் அந்த உடலுக்கு வெளியே மாட்ட வேண்டியதைச் செய்வார்: செயற்கைக் கால், காலிபர் (பலமில்லாத காலைத் தாங்கும் சட்டகம்), முதுகுப் பட்டை, காலணி. பி.பி.ஓ.வுக்கு உயிரியல் இல்லாமல் கணிதம் மட்டும் படித்தவர்களும் வரலாம். கைத்தொழில் பிடிக்கும் என்றால் அருமையான படிப்பு, ஆட்களும் குறைவு.

தேசிய நிறுவனங்களில் மூன்றுமே உண்டு. ஒடிசாவில் கட்டாக் பக்கம் ஓலட்பூர், கொல்கத்தா, டெல்லி, முட்டுக்காடு நிறுவனங்களுக்கு ஒரே பொது நுழைவுத் தேர்வு. இதன் விண்ணப்பத் தேதி பெரும்பாலும் +2 முடிவை ஒட்டியே முடிந்துவிடும், முடிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவக் கவுன்சலிங். திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம். கிருஷ்ணகிரியில் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நேர் ரோடு. அங்கே பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். தண்டுவடம் அடிபட்டவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் என்னென்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கவே அங்கே ஒருமுறை போய் வரலாம்.

நம் இரண்டு மாவட்டத்துக்கு என்று சில தேவைகள் உண்டு. முதலில் தண்ணீர். ஃபுளோரைடு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கறை மட்டுமில்லை, எலும்பும் மூட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013இல் தொடங்கியது. ஆனால் முன்பே இறுகிப்போன முதுகும் மூட்டும் நல்ல தண்ணீர் வந்ததும் பழையபடி ஆகிவிடாது. அவர்களுக்குப் பயிற்சியும் துணைக் கருவியும் வேண்டும்.

குழந்தையின் முழங்கால் உள்நோக்கி வளைந்திருக்கிறது என்று வந்தால் உடனே பட்டை மாட்டக் கூடாது. இரண்டு முழங்காலும் தொட்டபடி நிற்க வைத்து, கணுக்கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து தேதியோடு எழுத வேண்டும். மூன்று, நான்கு வயதில் இந்த வளைவு ஓரளவு எல்லாக் குழந்தைக்கும் இருக்கும், ஏழு வயதுக்குள் தானே நேராகும். ஏழுக்கு மேல் அப்படியே நின்றாலோ, ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, அளவு கூடிக்கொண்டே போனாலோ எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அளக்காமல் கண்ணால் பார்த்து "கொஞ்சம் பரவாயில்லை" என்று எழுதும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஒழிய வேண்டும்.

பிறவியிலேயே பாதம் உள்ளே மடங்கிய குழந்தைகளைப் பாருங்கள். வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டிலேயே பாதம் நேராகிவிடும், குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு தேவைப்படலாம். அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு காலணியும் ஒரு கம்பியில் பூட்டிய பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்கும்போது மட்டும் நான்கு வயது வரை போட வேண்டும். பாதம் பழையபடி மடங்குவதற்கு முதல் காரணம் இந்தப் பிரேஸை நிறுத்துவதுதான். ஏன் நிறுத்துகிறார்கள்? குழந்தை இரவில் அழுகிறது, குதிகால் காலணிக்குள் சரியாக இறங்காமல் தோல் புண்ணாகிறது, மாமியார் "பிஞ்சுக் காலுக்கு இரும்பா" என்கிறார். காலணியில் குதிகால் இறங்கியிருக்கிறதா என்று பின்பக்கத் துவாரம் வழியாகப் பார்க்க அம்மாவுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும், மாமியாரையும் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். பிரேஸ் செய்யத் தெரிவதோடு இதுவும் பி.பி.ஓ. வேலைதான்.

கால் பட்டை எதை மாட்டினாலும் ஒரு விதி: அரை மணி போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் 20, 30 நிமிடத்தில் மறைந்தால் சரி, மறையவில்லை என்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கித் தள்ள வேண்டும். உணர்ச்சி இல்லாத காலில் வலியும் தெரியாது, புண்ணும் தெரியாது.

ஆக்குபேஷனல் தெரபிக்கு ஓசூர் சிப்காட் பக்கம் வேலை நிறைய. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர்களுக்கு அறுவை முடிந்ததும் விரலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட் செய்ய வேண்டும். அதற்கான பிளாஸ்டிக் தகட்டை 65 முதல் 70 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும், துடைத்து, சூடு தாங்குமா என்று தன் கையில் பார்த்துவிட்டுத்தான் நோயாளி கையில் வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வடிவம் போய்விடும் என்று சொல்லி அனுப்புங்கள். தொப்பூர் கணவாய் விபத்துகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தண்டுவடம், கால் இழப்பு இரண்டுக்கும் இந்த நெடுஞ்சாலை ஓயாமல் ஆள் அனுப்புகிறது.

நிலைப்படி:

சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள் சார்பில் ஒன்று சேர்க்கிறேன். முகாமில் வாங்கிய நாற்காலி வீட்டில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்பதற்குக் காரணம் அளவு. உட்கார வைத்து இடுப்பின் அகலத்தை அளந்து அதைவிட இரண்டரை முதல் ஐந்து செ.மீ. கூடுதலாக இருக்கை. ஆழத்துக்கு, பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து ஐந்து செ.மீ. குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் முன்விளிம்பு முழங்காலின் பின்னே அழுத்தி, ஆள் சரிந்து சரிந்து உட்காருவார், அதுவே புண்ணாகும். பிறகு வீட்டை அளக்க வேண்டும். இருக்கை 40 செ.மீ. என்றால் சக்கரம், கைவளையத்தோடு மொத்தம் 60 செ.மீ.க்கு மேல் போய்விடும். பாத்ரூம் கதவு இரண்டடி. நாற்காலி உள்ளே போகாது. திண்ணை 45 செ.மீ. உயரம் என்றால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இருக்கிறதா, திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்காமல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள், இறங்கும்போது நாற்காலி குப்புறக் கவிழ்கிறது. தங்கச்சி எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பையில் ஓர் இஞ்ச் டேப் இருக்கட்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

ஊத்தங்கரை_ரோடு:

வேலைவாய்ப்பு பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புக் கல்விப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் (பிசியோ). பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதும் இவர்கள் வேலையில் சேர்ந்தது. தொகுப்பூதியம்தான், நிரந்தரம் இல்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்காக அரசு மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பிசியோ, செவித்திறன்–பேச்சு வல்லுநர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் பணியிடங்கள் உண்டு. உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" சேவை மையங்கள் வருகின்றன. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் உதவி பெறும் சிறப்புப் பள்ளிகள், இல்லங்களின் பட்டியல் கிடைக்கும். சேர்வதற்கு முன்பே அப்படி ஒரு பள்ளியில் பத்து நாள் போய் உட்காரச் சொல்லுங்கள். எச்சில் துடைப்பது, டாய்லெட் பழக்குவது எல்லாம் அருகிலிருந்து பார்த்த பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால் தயங்காமல் சேர்க்கலாம்.

சிறப்புக் கல்விக்கு ஒரு நம்பிக்கையான செய்தி. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், பொதுப் பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தொடக்க நிலையில் பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று கணக்கு வந்திருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மாநிலங்களை நீதிமன்றம் தொடர்ந்து கேட்டுவருகிறது. இப்போது தகுதியோடு பதிவும் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.

ஆவணத்தில் ஒரு சின்ன விஷயம், பெரிய தொல்லை: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா மு", ஆதாரில் "கவிதா முருகன்", கல்லூரியில் "மு. கவிதா" என்று இருந்தால் பதிவு விண்ணப்பம் திரும்பி வரும். கல்லூரியில் சேரும் அன்றே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஆர்.சி.ஐ. பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி வருடம் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் அலைகிறார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி மூலம் விண்ணப்பிக்கலாம்.

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்று அந்த மையத்துக்குப் போன் செய்து ஆர்.சி.ஐ. அனுமதிக் கடிதம் கேட்டேன். "அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் வந்துடும், அதுக்குள்ள சீட் முடிஞ்சுடும்" என்றார்கள். தங்கை பி.ஏ.எஸ்.எல்.பி. முதல் விருப்பம், பி.ஓ.டி. இரண்டாவது என்று எழுதி வைத்திருக்கிறாள்.

வட்டார_வளம்:

விண்ணப்பித்திருக்கிறோம் என்றால் இன்றைய தேதிக்கு அனுமதி இல்லை என்றுதான் பொருள் தம்பி. பணம் கட்ட வேண்டாம். அசல் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்துவிடாதீர்கள். கவுன்சலிங்குக்கு அதுதான் வேண்டும், வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர அலைக்கழிப்பார்கள். முதல் விருப்பம் பி.ஏ.எஸ்.எல்.பி. என்பதால் இன்றே மூன்று தேதிகளைப் பாருங்கள்: மைசூர் நுழைவுத் தேர்வு, தேர்வுக் குழுவின் துணை மருத்துவ விண்ணப்பம், வேலூர். இதில் எது முடிந்துவிட்டது, எது திறந்திருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.